ஏரல் பஸ்ஸில் போனவளுக்கு நான் செய்யாத செபம்

என் கணவர் போன தோணியிலிருந்து தகவல் நின்றுபோனது. கடந்த கார்த்திகையில் நடந்தது இது. தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு போன சரக்குத் தோணி. கடலில் புயல் சின்னம் என்று சொன்ன அன்று தோணி ஆபீசுக்கு வயர்லெஸ்ஸில் கடைசியாக ஒரு செய்தி வந்தது. எஞ்சின் நின்றுவிட்டதாம். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

எங்கள் தெருப் பெண்கள் வந்து குவிந்தார்கள். எல்லாரும் அன்பியக் கூட்டத்தில் என்னோடு உட்கார்ந்து செபிக்கிறவர்கள்தான். ஒவ்வொருத்தியும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தையைச் சொன்னாள். "அழாதளா ஸ்டெல்லா, நாங்க செபம் பண்ணுதோம்."

எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இவர்கள் நிஜமாகவே செய்வார்களா என்றுதான் தோன்றியது. பாவம், அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த வார்த்தை எவ்வளவு லேசாக வாயில் வரும் என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்கியவள் நான்.

அதற்கு முந்தின மாதம் அக்டோபர், செபமாலை மாதம். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் பங்குக் கோயிலிலிருந்து சிலபேர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம் பேசுவோம். மாதாவைப் பற்றிச் சொல்வோம், கேட்கிறவர்களுக்குச் செபமாலை கொடுப்போம். இந்த வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முன்பின் தெரியாதவர்களிடம் பேச மற்றவர்கள் தயங்கி நிற்கும்போது, நான் பாதிக் கதையைச் சொல்லி முடித்திருப்பேன். திரும்பி வரும்போது என் பைதான் முதலில் காலியாகியிருக்கும். அதில் எனக்குப் பெருமை. அந்தப் பெருமையை ஊழியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை அவளைப் பார்த்தேன். பச்சைச் சேலை, நெற்றியில் திருநீறு, கையில் பிளாஸ்க், ஆஸ்பத்திரிப் பை. ஏரல் பஸ்ஸுக்கு நின்றாள். நான் பேச ஆரம்பித்ததுமே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்க வீட்டுக்காரருக்கு கிட்னி ரெண்டும் போச்சுன்னு சொல்லுதாங்கக்கா. பிள்ளைங்கள ஒரு எட்டு பார்த்துட்டு காலையில திரும்ப வரணும். எங்க சாமிட்ட எல்லாம் கேட்டுட்டேன். நீங்களும் உங்க மாதாட்ட கேளுங்க."

"கண்டிப்பா கேக்கேம்மா. தினமும் செபம் பண்ணுதேன்" என்றேன்.

"மறந்துராதியக்கா" என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் கொடுத்த செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டாள். பஸ் நகர்வதற்குள் நான் அடுத்த ஆளிடம் போய்விட்டேன்.

மறந்துவிட்டேன். அன்றே மறந்துவிட்டேன். அவள் பேரைக்கூடக் கேட்கவில்லை.

தோணியைக் காணாமல் நான் செபமாலையைக் கையில் எடுத்த நேரமெல்லாம் அந்த ஜன்னல்தான் முன்னால் வந்து நின்றது. ஒரு மணிகூட நகரவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு, வீட்டு மாதா படத்துக்கு முன்னால் முழங்கால் போட்டேன். "மாதாவே, முதலில் அவளுக்காக. பேர் தெரியாது. ஏரல் பஸ், பச்சைச் சேலை, கையில் பிளாஸ்க். அவள் புருஷனைக் காப்பாற்று." அடையாளம் சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகிவிட்டது. அழுது முடித்த பிறகுதான் என் கணவருக்காகக் கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அவளுக்காக மனசாரக் கேட்டேனா, என் காரியம் நடக்க வேண்டும் என்று அவளை முன்னால் வைத்துக் கேட்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் தோணி ஆபீசிலிருந்து ஆள் ஓடிவந்தது. தோணி மூழ்கிவிட்டது, ஆனால் அந்த வழியாகப் போன ஒரு சரக்குக் கப்பல் அதற்கு முன்பே ஆட்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கொச்சியில் இறக்கிவிட்டது. என் கணவர் உயிரோடு வந்தார். உதடு வெடித்து, ஆள் பாதியாகி வந்து வாசலில் நின்றார். கடவுளுக்கு நன்றி சொல்ல எனக்கு இந்த ஆயுசு போதாது.

நன்றிப் பூசை வைத்தோம். கோயிலில் எல்லார் முன்னாலும் நடந்ததைச் சாட்சி சொல் என்று எல்லாரும் சொன்னார்கள். வாயே வரவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அந்த அம்மா பேரு என்ன?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்ப போய்க் கேட்டுட்டு வாம்மா. அதான் உனக்குப் பரிகாரம்" என்றார்.

சனிக்கிழமைதோறும் போய் ஏரல் பஸ் நிற்கும் இடத்தில் நின்றேன். கையில் செபமாலைப் பை இல்லை. கிறிஸ்துமஸ் போனது, பொங்கலும் போனது. ஈஸ்டருக்கு முந்தின தபசுக் காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் அவளைப் பார்த்தேன். அதே பச்சைச் சேலைதான். கையில் பிளாஸ்க் இல்லை. பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது.

அவளே என்னை அடையாளம் கண்டு வந்தாள். "அக்கா, நீங்க செபம் பண்ணுதேன்னு சொன்னியள்லா, அத மறுநாள் அவர்ட்ட சொன்னேன். யாருன்னே தெரியாத ஒரு அக்கா உங்களுக்காக தினமும் சாமிட்ட கேக்காங்கன்னு. அவருக்கு அவ்ளோ சந்தோஷம். அந்த வாரமே போயிட்டார்."

நான் மாதா படத்துக்கு முன்னால் அடையாளம் சொல்லி அழுதபோது அவர் எப்போதோ போய்விட்டிருந்தார்.

சும்மா இருந்திருக்கலாம். அவள் நன்றிதான் சொல்ல வந்தாள். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"நான் செபம் பண்ணலம்மா. சொல்லிட்டு மறந்துட்டேன். எங்க வீட்டுக்காரர் கடல்ல காணாமப் போனப்பதான் ஒங்க ஞாபகமே வந்துச்சு."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏரல் பஸ் வந்தது. கண்டக்டர் விசில் கொடுத்தார். அவள் ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

"உங்க வீட்டுக்காரர் வந்துட்டாரா?"

"வந்துட்டாரும்மா."

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், "செத்தவங்களுக்காக உங்க சாமிட்ட கேக்கலாமா?"

"கேக்கலாம்மா. நாங்க கேப்போம்."

"அப்ப இப்பம் கேளுங்க. இங்கனயே. நான் பக்கத்துல நிக்கேன். அவர் பேரு சுடலைமுத்து."

எத்தனையோ வருடமாக அந்த பஸ் ஸ்டாண்டில் வாய் ஓயாமல் பேசியிருக்கிறேன். ஒருநாள்கூட அங்கே நின்று செபித்ததில்லை. அன்றுதான் செபித்தேன். ஹாரன் சத்தத்துக்கு நடுவே, வேர்க்கடலை விற்கிறவர் வேடிக்கை பார்க்க, அந்தப் பெயரைச் சொல்லிச் செபித்தேன். அவள் தனக்குத் தெரிந்த மாதிரி கைகூப்பி நின்றாள். முடித்ததும் அவள் பேரைக் கேட்டேன். இசக்கியம்மாள் என்றாள்.

என்னை மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் புருஷன் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஒவ்வொரு வேளையும் அவள் வீட்டில் ஒரு தட்டு குறைவது எனக்குத் தெரியும். இப்போதும் சனிக்கிழமை போகிறேன். என் பை இப்போதெல்லாம் காலியாவதில்லை. பேரைக் கேட்கிறேன், அங்கேயே நிற்கிறேன், அவர்கள் பஸ் வருவதற்குள் அங்கேயே செபித்துவிடுகிறேன்.

அன்பானவர்களே, ஆண்டவர் கேட்கிறார். என்னைப் போன்றவள் கேட்டதற்கே என் புருஷனைக் கொச்சிவரை கொண்டுவந்து சேர்த்தவர், உங்களைக் கைவிடுவாரா? நம்பிக் கேளுங்கள். ஆனால் எனக்காக ஒரு காரியம் செய்யுங்கள். ஏரல் சுடலைமுத்துவுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.