பம்ப் குளிரும்வரை

மைனஸ் நூற்றுத் தொண்ணூற்று நான்கு டிகிரி. இந்த எண்ணைச் சொன்னால் இன்று ஊரில் பாதிப் பேருக்கு ஐஸக்காவின் முகம்தான் ஞாபகம் வரும். அந்தக் குளிரில் நாம் மூச்சுவிடும் காற்றே தண்ணீர்போல ஆகிவிடும். அதைத் தொட்டியிலிருந்து இழுத்துக் கொடுக்கிற பம்ப் ஐஸக்காவின் பொறுப்பு.

வயது நாற்பத்தாறு. ஐஸ் ஃபேக்டரியில் பல வருஷம் மெஷின் ஓட்டியதில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. போன வருஷம் அந்த நிரந்தர வேலையை உதறிவிட்டு, ஊருக்கு வெளியே புதிதாக வந்த மின்சாரச் சேமிப்பு நிலையத்தில் சேர்ந்தார். பகலில் சோலார் தகடுகள் தரும் கரண்ட் மிஞ்சும்போது, அதை வைத்துக் காற்றை அழுத்திக் குளிரவைத்து நீராக்கித் தொட்டியில் நிரப்புவார்கள். பொழுது சாய்ந்ததும் அந்த நீரைப் பம்ப் செய்து சூடேற்றினால் எழுநூறு மடங்காக ஊதிப் பெருகும். அந்த வேகத்தில் டர்பைன் சுழன்று மறுபடி கரண்ட் தரும்.

இதை அவர் நாத்தனாரிடம் விளக்கிப் பார்த்தார். கணவரின் அக்காவான அவர் தொழிற்பேட்டைத் தெருவில் சலவை நிலையம் நடத்துகிறார். ஹோட்டல் விரிப்பு, ஆஸ்பத்திரி விரிப்பு எல்லாம் அங்கேதான் வெளுக்கும். ஐஸக்காவின் கணவர் அங்கே வேன் ஓட்டுகிறார். வெயில் இறங்கினால் அந்தத் தெருவில் கரண்ட் போய்விடும். மெஷின்கள் வயிறு நிறைய ஈரத்துணியோடு நின்றுவிடும்.

"நல்ல வேலைய விட்டுட்டுக் காத்த டப்பாவுல அடைக்கப் போறாளாம்! ஏன்டா தம்பி, உன் பொண்டாட்டிக்குக் காத்து கருப்பு ஏதும் பட்டிருச்சா?"

"என்னை விட்டுரு அக்கா. அங்க சோறு திங்கணும், இங்க சம்பளம் வாங்கணும்" என்று நழுவினார் கணவர்.

மின்வாரியம் நிலையத்துக்கு இரண்டு வாய்ப்பு தந்திருந்தது. ஒரு சாயங்காலம், இரவு ஒன்பது மணிவரை, தொழிற்பேட்டைத் தெருவைத் தனியாகத் தாங்க வேண்டும். தாங்கினால் ஒப்பந்தம். இரண்டு தடவையும் தவறினால் நிலையத்துக்குப் பூட்டு.

முதல் தடவை சொதப்பியது. ஐஸ் ஃபேக்டரி பழக்கத்தில் ஐஸக்கா எடுத்த எடுப்பில் பொத்தானை அழுத்திவிட்டார். பம்ப் வெயிலில் காய்ந்து கிடந்தது. அந்தச் சூட்டில் பட்டதுமே காற்று நீர் கொதித்து ஆவியானது. பம்ப் வெறும் ஆவியை மென்று, அலறி, நின்றது. தெரு இருண்டது.

"அவசரப்பட்டது நீங்க, அவசரப்படுத்துனது நான். ஆளுக்குப் பாதி" என்றார் நிலையத்தின் பொறியாளர், ஐஸக்காவைவிடப் பதினைந்து வயது சின்னப் பெண். அன்றிலிருந்து இருவரும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். முதலில் காற்று நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பம்பைக் குளிரவைக்க வேண்டும். வடிகுழாயில் ஆவி நின்று நீர் சிந்தினால்தான் பொத்தான்.

நாத்தனார் சும்மா இருப்பாரா? ஐஸக்கா கணவரின் வேனில் ஏறும்போது வந்து சவால் விட்டார். "அடுத்த தடவ உன் காத்துல என் மெஷின் ஒரு ரவுண்டு துவைச்சு முடிக்கட்டும். ஒரு வாரம் நான் வாயத் தொறக்கல!"

"இதுக்காகவாவது ஜெயிச்சிரு" என்று மனைவியின் காதில் போட்டார் கணவர்.

இரண்டாவது சாயங்காலம் பாதி ஊர் நிலையத்தின் வாசலில் கூடிவிட்டது. ஐஸக்கா குளிரவைக்கத் தொடங்கிய சற்று நேரத்தில், யாரும் எதிர்பாராமல், மேகம் திரண்டு வெயிலை மூடியது.

மின்வாரிய அதிகாரி ஓடி வந்தார். "சோலார் படுத்துருச்சும்மா. உடனே நீங்க தெருவ எடுத்துக்குங்க. இல்லன்னா நான் கட் பண்ணியாகணும்."

"பம்ப் இன்னும் குளிரல சார்."

"கட் பண்ணா நீங்க ஃபெயில்!"

"சூட்டோட ஓட்டுனாலும் ஃபெயில்தான் சார்."

பொறியாளர் அளவுமானியைப் பார்த்தார், ஐஸக்காவைப் பார்த்தார். "நான் இவரைப் பேச்சுல பிடிச்சு வைக்கிறேன். நீங்க பம்ப விட்டு நகராதீங்க அக்கா."

வடிகுழாயில் வெள்ளைப் புகை புசுபுசுவென்று வந்துகொண்டிருந்தது. வாசலில் ஒருவன், "காத்து இறங்கிருச்சு டோய்!" என்று கத்த, கூட்டம் சிரித்தது. முகக்கவசத்துக்குள் ஐஸக்காவுக்கு வியர்த்தது. கை பொத்தானுக்குப் போனது; இழுத்துக்கொண்டார். பம்பின் மேல் உறைபனி பூத்தது. கழுத்துவரை ஏறியது. புகை திக்கியது. அதிகாரி போனைக் காதில் வைத்து, "கட் பண்ணிரலாம்" என்று ஆரம்பிக்கும்போது, குழாயிலிருந்து லேசான நீலத்தில் நாலு சொட்டு விழுந்து தரையில் துள்ளி ஓடின.

"விடு!" என்று தனக்குத்தானே கத்திக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

பம்ப் அலறவில்லை. ஒரே சீராக முனகியது. கொஞ்ச நேரத்தில் டர்பைன் வேகம் பிடித்தது. தெருவில் ஒரு விளக்குகூடக் கண் சிமிட்டவில்லை.

அடுத்த ஷிப்ட் ஆள் வந்து பம்பருகே நின்ற பிறகுதான் ஐஸக்கா கணவரை அழைத்தார். போனில் மெஷின் கடகடவென்று சுற்றும் சத்தம்.

"உங்க அக்கா என்ன சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்லல. ஒரு ரவுண்டு முடிஞ்சு அடுத்தது ஓடுது. சைகை காட்டுறா. துணிய எடுக்கச் சொல்றான்னு நினைச்சேன்... இல்ல, உன்னத் திட்டுறா."

ஒன்பது மணிக்கு அதிகாரி கையெழுத்துப் போட்டார். விசில் காதைப் பிளந்தது. பொறியாளர் ஐஸக்காவைத் தூக்கப் பார்த்து, முடியாமல், தானே கீழே உட்கார்ந்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு நாத்தனார் வந்தார். டிரையரிலிருந்து அப்போதுதான் எடுத்த சூடான துண்டு ஒன்றைப் பிரித்து, தம்பி மனைவியின் விறைத்த கைகளைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். உதடு துடித்தது. வாயைத் திறக்கவில்லை.

அந்த விரதம் மூன்றாம் நாள் உடைந்தது. தெருவில் போகிற வருகிறவரை எல்லாம் நிறுத்தி, "அது எங்க வீட்டுக் காத்து" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து சலவை நிலையம் இரவு ஒன்பது மணிவரை ஓடும். மாலை ஷிப்டுக்கு நான்கு பெண்கள் வேலையில் சேர்கிறார்கள்.