மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவரிடம் பாய்மரப் படகு வாங்கப் போன கதை

ஜூலை மாதம் தென்காசிக்கு ரயிலேறுகிறவர்கள் குற்றால அருவியில் தலையைக் கொடுக்கப் போவார்கள். நான் ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கப் போனேன். ஆமாம், கடலே இல்லாத ஊரில்தான். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், என் வீட்டுக்காரர் ஒரு வாரம் சிரித்தார்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னைக்குத் தெற்கே ஒரு காயலில் நாலு வருடமாக மணி வாடகைக்குச் சின்னப் பாய்மரப் படகு எடுத்து ஓட்டுகிறேன். காற்று நன்றாகப் பிடிக்கிற நேரம் பார்த்துக் கரையிலிருந்து விசில் அடிப்பார்கள், நேரம் முடிந்தது திரும்பி வா என்று. நாற்பத்தாறு வயதில் விசிலுக்குத் திரும்பி வருவது எனக்கு அலுத்துப் போய்விட்டது. எனக்கென்று ஒரு படகு வேண்டும், யாரும் கூப்பிடாத வரைக்கும் தண்ணீரில் இருக்க வேண்டும். வேறு எந்த ஆசையும் எனக்கு இவ்வளவு நாள் நீடித்ததில்லை. ஆனால் புதுப் படகின் விலையில் ஒரு கார் வந்துவிடும்.

ஜூன் கடைசியில் பழைய சாமான் விற்கும் இணையப் பக்கம் ஒன்றில் கண்ணில் பட்டது: பதினோரு அடி ஃபைபர் படகு, இரண்டு பேர் போகலாம், நாற்பதாயிரம் ரூபாய், இடம் அச்சன்புதூர். விற்கிறவர் செல்லப்பா அண்ணாச்சி, கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். போனில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். பாய்மரம்? "இருக்கும்மா." பாய்? "இருக்கும்மா." மரத்தைத் தாங்குகிற கம்பிகள்? "எல்லாம் இருக்கு, நீங்க வாங்க." அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

வெள்ளி இரவு எழும்பூரில் ஏறி, சனி காலை எட்டரைக்குத் தென்காசியில் இறங்கினேன். கையில் முப்பது மீட்டர் புதுக் கயிறு, இரண்டு மிதவைச் சட்டை, ஒரு ஸ்பானர் செட். ஸ்டேஷன் வாசலில் அச்சன்புதூருக்கு ஆட்டோ முந்நூற்றைம்பது கேட்டார்கள். சீசன் நேரத்தில் பேரம் பேசிப் பிரயோஜனம் இல்லை, ஏறிவிடுங்கள்.

அண்ணாச்சி வாசலிலேயே நின்றார். சாக்கடை வாய்க்கால் மேல் போட்டிருந்த பலகையைத் தாண்டி உள்ளே போனேன். கார் ஷெட்டில் தேங்காய் மட்டைக் குவியலுக்கு அடியில் படகு கிடந்தது. மட்டையைத் தள்ளிவிட்டுத் தட்டிப் பார்த்தேன், ஒரு விரிசல் கிடையாது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திரும்பி, பாய்மரம் எங்கே என்று கேட்டேன்.

"மரம் சுரண்டைல இருக்கும்மா. பந்தல்காரர் அம்மன் கோயில் கொடைக்குச் சீரியல் பல்பு கட்டக் கேட்டாவ, குடுத்தேன்."

"எப்போது?"

"அது ஆச்சு, அஞ்சாறு வருசக் கொடை."

பாய் ஆலங்குளத்தில் ஒரு தக்காளி வியாபாரியிடம், லோடு மூட. கம்பிகள் வீட்டு மாடியில், துணி காயப்போட. படகுக்கு நடுவே தண்ணீருக்குள் இறக்குகிற பலகை எங்கே என்று கேட்டதும் அண்ணாச்சி வாசல் பக்கம் பார்த்தார். நான் மிதித்து வந்தது அதைத்தான்.

அவர் மனைவி பகவதி அக்கா காபியோடு வந்தார். "இவியகிட்ட ஒரு சாமான் நிக்காதும்மா. யாரு கேட்டாலும் குடுத்துருவாவ. மாட்டேன்னு சொல்லுத வாய் இவியளுக்கு ஆண்டவன் வைக்கலே. இந்தப் படகே அப்பிடி வந்ததுதான். கொச்சில ஏலத்துல ஒரு ஆபீசர், செல்லப்பா நீ எடுத்துக்கன்னாராம், எடுத்துட்டு வந்துட்டாவ."

சரி, கடற்படைக்காரர்தானே, பாய் கட்டவாவது கூடமாட உதவுவார் என்று நினைத்தேன். "நமக்கும் பாய்க்கும் சம்பந்தமே கெடயாதும்மா," என்றார் அண்ணாச்சி. "நான் இஞ்சின் ரூம்லா." இருபது வருடமாக வீட்டில் கிடக்கும் படகை அவர் ஒருநாள்கூடத் தண்ணீரில் இறக்கியதில்லை.

இதற்கு நடுவில் பைக்கில் வந்து இறங்கினார் சங்கரன், பகவதி அக்காவின் தம்பி. குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கிறார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அத்தான், நாளைக்குச் சாயங்காலம் வண்டி கொண்டாரேன், படக ஏத்திருவோம்," என்றார். லாட்ஜ் வாசலில் நிறுத்தி, உள்ளே மண் நிரப்பி, பூச்செடி வைத்து, வருகிறவர்கள் செல்ஃபி எடுக்க விடப்போகிறாராம்.

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் உத்தரத்தைப் பார்த்தார். "மாப்ள கேட்டாம்மா. எப்பிடி மாட்டேங்கது?"

என்னிடமும் சரி என்றவர், மச்சினனிடமும் சரி என்றிருக்கிறார்! அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் வந்திருக்கிறேன் ஐயா என்று கத்தியே விட்டேன். பஞ்சாயத்தைப் பகவதி அக்காதான் தீர்த்தார். "ஏலே சங்கரா, நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள இது குளத்துல ஓடிச்சுன்னா இந்த அம்மா கொண்டுபோட்டும். ஓடலேன்னா நீ பூச்சட்டி வச்சுக்க. எனக்கு ஷெட்டு காலியாகணும், அம்புட்டுதான்."

மாரியப்பன் என்பவரின் குட்டியானை லோடு வண்டியை இரண்டாயிரத்து இருநூறுக்குப் பேசி, பதினோரு மணிக்குக் கிளம்பினோம். சுரண்டை, ஆலங்குளம், திரும்ப அச்சன்புதூர், எல்லாம் சேர்த்து எழுபது கிலோமீட்டர் ஆனது. சுரண்டையில் பந்தல் கடைக்காரர் மரத்தைச் சந்தோஷமாகவே கொடுத்தார். அதற்குப் பதிலாக அண்ணாச்சியின் ஏணியைக் கேட்டார், அண்ணாச்சி தலையாட்டினார். மரத்துக்கு ஆறு கோட் வெள்ளிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பாயின் ஓரக்கயிறு ஏறிப்போகிற நீளப் பள்ளம் முழுக்கப் பெயிண்ட் அடைத்துக் கிடந்தது. வண்டியில் ஏற்றினால் பின்பக்கம் ஆறடி நீட்டிக்கொண்டு நின்றது, அதன் நுனியில் சிவப்புத் துணி கட்டினோம். "இது எதுக்குக்கா, மீன் பிடிக்கவா?" என்றார் மாரியப்பன். இல்லை, சும்மா போய்வர என்றேன். "சும்மா போறதுக்கா இம்புட்டு?" என்றவர் ஆலங்குளம் வரை பக்கக் கண்ணாடியில் மரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

தக்காளி வியாபாரி புதுத் தார்ப்பாய் வாங்கித் தந்தால்தான் பாயைத் தருவேன் என்றார். ஆயிரத்து நூறு ரூபாய், என் பணம். கடைக்குப் போய்த் தார்ப்பாயோடு திரும்பினால் என் கயிற்றுப் பை இளைத்துக் கிடக்கிறது. "லோடு கட்டக் கயிறு கேட்டாவம்மா," என்றார் அண்ணாச்சி. நான் சென்னையிலிருந்து சுமந்து வந்த புதுக் கயிற்றில் பன்னிரண்டு மீட்டர், தக்காளிப் பெட்டிகள் மேல்! அது என்னுடையது அண்ணாச்சி என்றேன். "ஒங்களுதுதான், இல்லேங்கலே," என்றார். இப்படிப்பட்டவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

அன்று சாயங்காலம் குற்றாலத்தில் எடுத்திருந்த அறைக்குப் போகும் வழியில் சங்கரனின் லாட்ஜைப் பார்த்தேன். சாரலில் நனைந்துகொண்டே இரண்டு கொத்தனார்கள் வாசலில் சிமெண்ட் மேடை கட்டிக்கொண்டிருந்தார்கள். நீளம் சரியாகப் பதினோரு அடி இருக்கும். 

ஞாயிறு காலை ஏழு மணிக்கே ஷெட்டில் இருந்தேன். மரத்தின் பள்ளத்தில் அடைத்த பெயிண்டைச் சுரண்டவே இரண்டு மணி நேரம் போனது. சுரண்டி முடித்து மெழுகுவத்தியைத் தேய்த்தேன், கயிறு வழுக்கி ஏற வேண்டுமே. பாயில் தக்காளிக் கறை போகவில்லை, போகட்டும், துணி உறுதியாக இருந்தது. பாய் துவளாமல் நிற்க அதன் ஓரப் பைகளில் சொருகும் பட்டைகள் காணோம். மூங்கிலைப் பிளந்து, முனையை மழித்து, சொருகினேன். சுக்கானும் பாயின் அடியோரத்தைப் பிடிக்கும் கழியும் மட்டும் எப்படியோ ஷெட்டிலேயே இருந்தன. கழியை மரத்தோடு இணைக்கும் ஆணி இல்லை. சைக்கிள் கடையில் ஒரு போல்ட் வாங்கிப் போட்டோம்.

கம்பிகளுக்காக மாடிக்குப் போனேன். மூன்று கம்பி வேண்டும்: ஒன்று முன்னால் இழுத்துப் பிடிக்க, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று. மூன்றும் இருந்தன, மூன்றிலும் ஈரத்துணி. "வெயிலே காணோம், இன்னைக்குத்தானா எடுக்கணும்? சவத்தக் கொண்டுபோய்த் தொலைங்க," என்று துணிகளை அள்ளிக்கொண்டார் பகவதி அக்கா. வலப்பக்கக் கம்பி ஒரு சாண் குட்டை, கொடி கட்டும்போது யாரோ வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய முனையை மடக்கி, கிளாம்ப் போட்டு முறுக்கி, குறைகிற நீளத்துக்கு மிச்சமிருந்த என் கயிற்றை ஆறு சுற்றுச் சுற்றி இறுக்கினேன். பழைய படகில் வேலை செய்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், மெல்லிய கயிற்றில் பல சுற்று, தடித்த கயிற்றில் ஒரு சுற்றைவிட நன்றாகப் பிடிக்கும்.

பிறகு மரத்தை நிமிர்த்த வேண்டும். மாரியப்பன் அடியைப் பிடித்தார், நான் தோள் கொடுத்துத் தூக்கினேன், முன்கம்பியை அண்ணாச்சி இழுத்துப் பிடிக்க வேண்டும். என்ன ஆனாலும் விடக்கூடாது என்று மூன்று முறை சொன்னேன். மரம் நிமிர்ந்து நின்றது. அப்போது தெருவில் போன யாரோ, "அண்ணாச்சி, சௌக்கியமா?" என்றார்கள். அண்ணாச்சி கையைத் தூக்கி வணக்கம் வைத்தார்.

மரம் வீட்டோரத்து முருங்கை மேல் சாய்ந்தது. முருங்கைக் கிளை முறிந்து, பாய்மரம் தப்பியது. நான் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். "கூப்புடுதாவல்லா, எப்பிடிப் பேசாம இருக்க?" என்கிறார் மனுஷன்! இரண்டாம் முறை கம்பியைப் பகவதி அக்கா பிடித்தார். அவர் யாருக்கும் வணக்கம் வைக்கவில்லை. எல்லாம் சரி என்றதும் மரத்தை மறுபடி இறக்கி, படகோடு வண்டியில் ஏற்றினோம். நடுப்பலகையை எடுத்த இடத்தில் வாய்க்காலுக்கு வேறு பலகை வாங்கிப் போட்டதும் நான்தான்.

குளம் வீட்டிலிருந்து பத்து நிமிடம். சாரல் ஒழுங்காக விழுந்திருந்ததால் முக்கால் நிறைந்து கிடந்தது. மீன் குத்தகைக்காரரிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. கரையில் மரத்தைத் திரும்ப நிறுத்திப் பாய் ஏற்றும்போது மணி நாலரை. சங்கரன் அவருடைய வண்டியோடு வந்து, கைகட்டி நின்றுகொண்டார். மலைப் பக்கமிருந்து காற்று முட்டி முட்டி வந்தது. தனியாகப் போனால் கவிழும் என்று தெரிந்தது, எதிர்ப்பக்கம் உட்கார ஓர் ஆள் எடை வேண்டும். "அண்ணாச்சி, வாரீங்களா?" என்றேன். அவர் என்ன சொல்வார்? சரி என்றார்.

தள்ளி ஏறினோம். பாயை இழுத்ததும் படகு ஒருமுறை குலுங்கிக் கிளம்பியது. நான் கட்டிய கம்பி ஒன்றுகூட நெகிழவில்லை. குளத்தின் நடுவுக்கு வந்ததும் ஒரு பக்கம் சாய்ந்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது. நான் கத்தினேன், சந்தோஷத்தில்தான். இது என்னுடையது, எந்த விசிலும் கூப்பிடாது.

அண்ணாச்சி இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, சுக்கான் கட்டையை அவர் கையில் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பிடித்தார்.  குளத்தை ஒரு சுற்று வந்த பிறகு சொன்னார்:

"இருபத்திரெண்டு வருசம் கப்பல்ல இருந்தேம்மா. கீழயே கெடந்தேன். தண்ணிய இப்பிடிப் பாத்ததே இல்ல."

கரைக்கு வந்தோம். சங்கரன் கையை விரித்து, "சரிதான், ஓடிட்டு," என்றார். படகைச் சென்னைக்கு அனுப்ப லாரி ஆபீசைக் கூப்பிடலாமென்று போனை எடுத்தேன். அண்ணாச்சி இன்னும் படகை விட்டு இறங்கவில்லை.

"எம்மா, இதத் தர முடியாது."

என்ன அண்ணாச்சி என்றேன்.

"தர மாட்டேன். நான் வச்சிக்கிடுதேன்."

பகவதி அக்கா கையிலிருந்த தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார். "என்ன சொன்னிய?"

"மாட்டேன்னு சொன்னேன்."

"அப்பிடிச் சொல்லுங்க அத்தான், அப்போ நம்ம லாட்ஜுக்கு..." என்று சங்கரன் முன்னால் வந்தார்.

"ஒனக்கும் கெடயாது மாப்ளே."

பகவதி அக்கா கரையிலேயே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "முப்பத்தோரு வருசமாச்சு, இவிய வாயில இதக் கேக்க. போட்டும், ஷெட்டு கெடந்துட்டுப் போட்டும்." நான் வாதாடினேன், ரயில் டிக்கெட்டைக் காட்டினேன், கயிற்றுக் கணக்குச் சொன்னேன். ஒருவரும் என் பக்கம் இல்லை.  அழுதுவிடக் கூடாதே என்று பாயை இறக்கப் போனேன்.

"எம்மா," என்றார் அண்ணாச்சி. "அந்த ஆறு சுத்துக் கட்டு, அத ஒருக்கச் சொல்லித் தந்துட்டுப் போறியளா?"

எனக்கு என்ன தலையெழுத்து, மாட்டேன் என்று சொல்ல வேண்டியதுதானே? என் வாயிலிருந்து வந்தது, "சரி." கட்டி, அவிழ்த்து, கட்டி, அவர் கை பழகும்வரை ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். என் மிதவைச் சட்டை இரண்டும் இப்போது அச்சன்புதூரில் இருக்கின்றன. கேட்டார், கொடுத்தேன்.

தென்காசிப் பக்கம் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. சீசனில் திரும்பும் ரயிலுக்கு ஒரு மாதம் முன்பே டிக்கெட் போட்டுவிடுங்கள். அருவிக்குக் காலை ஆறு மணிக்கு முன் போனால் கூட்டம் குறைவு, நான் போகவில்லை, சொன்னார்கள். குட்டியானை வேண்டுமென்றால் சனிக்கிழமை சந்தை நேரத்தைத் தவிருங்கள். பழைய படகு வாங்குவதானால் பாய், கம்பி, பலகை ஒவ்வொன்றும் எந்த ஊரில் இருக்கிறது என்று போனிலேயே கேளுங்கள். எல்லாவற்றையும் கட்டிப் பாருங்கள், தண்ணீரில் ஓட்டியும் பாருங்கள். ஆனால் பணத்தைக் கையில் கொடுத்து முடிக்கும் வரை, விற்கிறவரைப் படகில் ஏற்றிவிடாதீர்கள்.