விருந்தாளி அறையை அறுத்தவள்

மெக்னெஸ் நகரத்து நுஸ்ஹாவுக்கு மூன்று பிள்ளைகள், பள்ளிக்கூட வேலை, இரண்டே அறை கொண்ட வீடு. பெரிய அறை, ஊர் வழக்கப்படி, விருந்தாளிகளுக்கு. அவர்கள் வந்தால்தான் திறக்கும். பிள்ளைகள் சின்ன அறையில் ஒருவரை ஒருவர் உதைத்துக்கொண்டு தூங்கினார்கள்.

வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் சாப்பிட வந்த நாத்தனார் ஃபத்தூமா, பெரிய அறைக் கதவைத் திறந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். சுவரோரம் நீண்டிருந்த இருக்கைப் பலகைகளை நுஸ்ஹா தன் கையாலேயே அறுத்து, மூன்று கட்டில்களும் ஒரு படிப்பு மேசையும் செய்திருந்தாள். திண்டுகளின் சரிகை உறைகள் ஜன்னலில் திரையாகத் தொங்கின.

“அடிப்பாவி! எங்கம்மா பார்த்துப் பார்த்து வாங்கின தேவதாருடி இது!”

“நல்ல மரம்தான் அண்ணி. ரெண்டு ரம்பம் மழுங்கிப் போச்சு.”

“திமிரப் பாரு! வீடு தேடி வர்றவங்கள எங்கடி உட்கார வைப்பே?”

நுஸ்ஹா தலைமுடியில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள்.

“உங்களுக்கு அடுப்படியில முக்காலி செஞ்சு வெச்சிருக்கேன். தினமும் சாயங்காலம் இந்த வீட்டைத் தேடி மூணு பேர் வர்றாங்க அண்ணி. பத்து வருஷமா அவங்களுக்குத்தான் இங்க இடமில்ல.”