அப்பா தேர்ந்தெடுத்த ஃபேன்

ஒரு பொருளை அது போடும் சத்தத்துக்காகவே வாங்கிய மனிதர் எனக்குத் தெரிந்து என் அப்பா ஒருவர்தான். வாங்கியது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை. வாங்கிய இடம் பலாங்கொடை டவுன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எங்கள் வீட்டில் எல்லோரும் அடுத்த திங்கட்கிழமையை எண்ணிக்கொண்டிருந்த வாரம் அது.

காரணம் அக்கா. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். இரத்தினபுரியில் ஒரு பயிற்சி நிலையத்தில் கம்ப்யூட்டர் படிப்புக்கு இடம் கேட்டிருந்தாள். தங்கிப் படிக்கலாம், செலவெல்லாம் அவர்களுடையது. நேர்முகத் தேர்வு திங்கட்கிழமை காலையில், வீடியோவில். கேள்விக்குப் பதில் சொல்வதோடு அவர்கள் பார்க்க டைப் செய்தும் காட்ட வேண்டும் என்பதால் போன் மட்டும் போதாது. இடம் கிடைக்காவிட்டால் கொழும்பில் பெரியம்மா பேசி வைத்திருந்த துணிக்கடைக்கு வேலைக்குப் போக வேண்டும். அப்படிப் போன எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் தீபாவளிக்குக்கூட வருவதில்லை. அப்போதுதானே துணிக்கடையில் கூட்டம். பெரியம்மாவின் போன் அடித்தாலே அக்காவுக்கு முகம் வெளுத்துவிடும்.

கம்ப்யூட்டர் ஏதோ ஒரு ஆபீசில் கழித்துப் போட்டது. அக்காவின் ஆசிரியர் வாங்கிக் கொடுத்தார். சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் அதற்கு இடம் கொடுத்து, வெள்ளிக்கிழமைதோறும் திரைக்கு மேலே அம்மா ஒரு பொட்டும் வைத்தாள். உள்ளே பவர் சப்ளையின் ஃபேன் மட்டும் எந்நேரமும் முனகிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் நின்றால் உடனே அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் சூடேறிக் கருகிவிடும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார்.

ஃபேன் விஷயம் அப்பாவுக்குப் புதிதல்ல. அவருக்குத் தோட்டத்து ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. மாடியில் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து பெரிய பெரிய ஃபேன்களால் காற்று விட்டு வாட்டுவார்கள். அந்த ஃபேன்களைப் பார்த்துக்கொள்வது அப்பா. ஒன்று நின்றுபோனாலும் கொழுந்து சூடாகிச் சிவந்துவிடும். பிறகு மேலதிகாரியான டீமேக்கர் போடும் சத்தத்தில் மாடியே ஆடும். அதனால் ஃபேன் நிற்பதற்கு முன்பே, அது திணறும்போதே, காதால் கண்டுபிடித்துவிட வேண்டும். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது அப்பா எங்கள் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, "மூணாவது ஃபேன் இழுக்குது" என்று எழுந்து போவார். எங்களுக்கு எல்லா ஃபேனும் ஒன்றுபோலத்தான் கேட்கும். அந்த வருடம் ஏனோ அப்படிச் சொல்வதை விட்டிருந்தார். வேலை அலுப்பு என்றாள் அம்மா.

வியாழக்கிழமை பின்னேரம் அக்கா கம்ப்யூட்டரில் நெட்டிலிருந்து ஏதோ இறக்கப் போட்டுவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள். போகும்போது அப்பாவுக்குச் சுவிட்சைத் தொட்டுக் காட்டினாள்.

"சத்தம் நின்னா இத ஆஃப் பண்ணிருங்கப்பா."

அப்பா தலையாட்டிவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நான் வெளியே வாசற்படியில் சப்பாத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்தேன். அப்பா முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு, இமை கொட்டாமல் கம்ப்யூட்டர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சைக்குக் காவல் இருக்கும் வாத்தியார்கூட அப்படிப் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. அடுப்படியிலிருந்து அம்மா, "என்னங்க தீயுது?" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். அப்பா பதறி எழுந்து சுவிட்சை அணைத்தார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அக்கா வந்தாள். குடத்தை இறக்கிவைக்கக்கூட இல்லை. "பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களேப்பா" என்றாள்.

அப்பா பெட்டியைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். "கண்ணசந்துட்டேன் புள்ள" என்றார்.

"ஸ்டோர்லயும் இப்படித்தான் தூங்குவீங்களா?" என்று அம்மா பிடித்துக்கொண்டாள். அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை, பெட்டியை அரிசிச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏறினோம். அழுது அடம்பிடித்து நானும் தொற்றிக்கொண்டேன். அப்பா சாக்கைக் குழந்தையைப் போல மடியில் வைத்திருந்தார். கண்டக்டர் பின்னால் நின்று, "கொஹாட்டத?" என்று இரண்டு தரம் கேட்டார். எங்கே போகிறோம் என்று கேட்பது அப்பாவுக்கு விளங்காத சிங்களமா? ஆனாலும் அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காதான் டிக்கெட் எடுத்தாள். அப்பாவுக்குக் கண்டக்டர்மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லோரும் நானா என்று அழைக்கும் கடைக்காரர் பெட்டியைத் திறந்து, முகர்ந்து பார்த்து, ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தார். "மத்ததெல்லாம் நல்லம். பவர் சப்ளை மட்டும்தான் போயிருக்கு" என்றார். பிறகு எங்கள் சாக்கைப் பார்த்தார். மேல்தட்டில் இருந்த நல்ல சாமான்கள் பக்கம் கையே நீட்டாமல், கீழ்த்தட்டிலிருந்து விலை குறைந்த இரண்டை எடுத்து வைத்தார்.

"ரெண்டும் ஒரே விலைதான். மேல எழுதியிருக்கிற வாட்ட நம்பாதீங்க, எல்லாரும் கூட்டித்தான் எழுதுறாங்க. கையில தூக்கிப் பாருங்க. கனமா இருந்தா உள்ள சாமான் இருக்கு."

தூக்கிப் பார்த்தோம். கனமாக இருந்ததில் பெரிய ஃபேன் இருந்தது. நானா அதை மாட்டி ஓட்டினார். அது நிதானமாகச் சுற்றியது. "பெரிய ஃபேன், மெதுவாச் சுத்தும். அதான் சத்தமில்ல" என்றார். அக்காவின் முகத்தில் உயிர் வந்தது. அப்பா பெட்டியை மூடச் சொன்னார். பிறகு குனிந்து, தலையைச் சாய்த்து, வெகுநேரம் அப்படியே இருந்தார்.

"இது நின்னுபோனா எப்படித் தெரியும்?"

"நிக்காது அண்ணே."

"நிக்காத ஃபேன் கெடையாது" என்றார் அப்பா. அதில் அவருக்கு அனுபவம் அதிகம்.

மற்றதை மாட்டினார்கள். அதன் முதுகில் உள்ளங்கையளவுகூட இல்லாத சின்ன ஃபேன். தொண்டை கட்டியவன் கத்துவதுபோல அது கத்தியதில், கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வியாழக்கிழமைக்குப் பிறகு அப்பா முதல்முறையாகச் சிரித்தார்.

"இதக் குடுங்க."

"அது வேணாம் அண்ணே, வீட்டுல தலவலி வந்துரும்" என்றார் நானா. வருகிற வியாபாரத்தைத் தடுத்த கடைக்காரரை நான் அன்றுதான் பார்த்தேன்.

"மைக்ல இந்தச் சத்தம்தான் போகும். நான் பேசறது அவங்களுக்குக் கேக்காதுப்பா" என்றாள் அக்கா. அவளுக்கு எப்போதும் மெல்லிய குரல். அப்பா திரும்பவில்லை. அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கண்ணீர் வழியும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்பா சொன்னார்: "ஒண்ணும் ஆவாது புள்ள. இது நின்னா எனக்குத் தெரியும்."

திரும்பி வரும்போது அக்கா பஸ்ஸில் எங்களை விட்டு முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கும் அவர்மேல் ஆத்திரமாக இருந்தது. பிள்ளையின் வாழ்க்கையைவிடப் பிடிவாதம் பெரிதா என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அம்மா விடியும் முன்பே விளக்கேற்றிவிட்டாள். கரண்ட் போகக்கூடாது, மழை வரக்கூடாது என்று வேண்டுதல். ஜன்னலோரத்தில்தான் சிக்னல் என்பதால் கம்ப்யூட்டருக்கு நெட் கொடுக்கும் போனைப் பிடித்துக்கொண்டு நான் சிலைபோல நின்றேன். இரவு வேலை முடிந்து வந்த அப்பா, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், பெட்டிக்குப் பின்னால் ஃபேன் காற்று வரும் இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஃபேன் தன் கச்சேரியைத் தொடங்கியது.

திரையில் ஒரு மேடம் வந்தார். அக்கா பெயரைச் சொல்லி முடிப்பதற்குள், "அது என்ன சத்தம்? அங்க மழையா?" என்று கேட்டார்.

அக்கா எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். "இல்ல மேடம். எங்கப்பா வாங்கின ஃபேன்" என்றாள்.

அந்த மேடம் சிரித்தாரா, இருமினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "சரி, அப்போ கொஞ்சம் சத்தமாப் பேசுங்க" என்றார்.

பேசினாள். பீலியடியில் சண்டை வந்தால்கூட ஒதுங்கி நிற்கிற என் அக்கா, லயம் முழுக்கக் கேட்கும்படி பேசினாள். தன் பள்ளிக்கூடத்தைப் பற்றி, எதற்காக இதைப் படிக்க விரும்புகிறாள் என்பதைப் பற்றி, அப்பாவின் வேலையைப் பற்றி. அவள் சொல்லி நிறுத்தும்போதெல்லாம் பெட்டிக்குப் பின்னாலிருந்து அப்பா மெல்லத் தலையாட்டினார். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று நாளாக எதற்கும் அசையாத மனிதர் இதற்குப் போய் அழுகிறாரே என்று இருந்தது எனக்கு.

அக்காவுக்கு இடம் கிடைத்தது. துணிக்கடைப் பேச்சு அதோடு போயிற்று.

அப்பா ஸ்டோரிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, போன வருடம் அக்கா அவரை டாக்டரிடம் கூட்டிப்போய்க் காதுக்கு மெஷின் போட்டுவிட்டாள். அத்தனை வருடம் ஃபேன்களுக்கு நடுவில் நின்றதில் காது எப்போதோ போய்விட்டது என்றார் டாக்டர். வெளியே தெரிந்திருந்தால் ஸ்டோரிலிருந்து எடுத்து மலைக்குப் புல்வெட்ட அனுப்பியிருப்பார்கள். அதனால் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லையாம். மெஷினோடு வீட்டுக்கு வந்த அன்று நான் அந்தப் பழைய கம்ப்யூட்டரைப் போட்டேன். அப்பா திடுக்கிட்டு ஒரு எட்டுப் பின்வாங்கினார்.

"இவ்வளவு சத்தமா இது? எப்படிப் புள்ள பொறுத்துக்கிட்டீங்க?" என்றார்.

அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாசற்படியில் இருந்து நான் பார்த்த அந்த வியாழக்கிழமை நினைவுக்கு வந்தது. அப்பாவின் கண்கள் நன்றாகத் திறந்திருந்தன. அதை என் கண்ணால் பார்த்திருந்தும், கண்ணசந்துவிட்டேன் என்று அவர் சொன்னபோது அக்காவைப் போலவே நானும் அதை நம்பினேன்.