ஹாரன் அடித்தால் மருந்து

மலைக்கிராம நர்ஸ் வேலையில் பாதி ஊசி போடுவது, மீதி பஸ்ஸுக்குக் காத்திருப்பது. என்னைப் போல் கொல்லிமலையில் மாட்டிக்கொண்ட சக நர்சுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆறு மாதம்

மலைக்கிராமக் கூட்டமான திண்ணனூர் நாட்டில் இருக்கும் செல்விக்குப் பிறந்த பெண் குழந்தை, காது பரிசோதனையில் தேறவில்லை. கருவிலேயே தாயிடமிருந்து ஒரு வைரஸ் தொற்றியிருந்தது. வலது காது ஏற்கெனவே போய்விட்டது. இடது காதாவது தப்ப வேண்டுமானால் உடனே மருந்து தொடங்கி, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு வேளையாக ஆறு மாதம் விடாமல் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"நான் என்னத்தத் தின்னு தொலைச்சேனுங்க?" என்று செல்வி அழுதாள். "உன் தப்பு எதுவும் இல்ல கண்ணு" என்றேன். ஆறு மாதம் தாக்குப்பிடிப்பார்களா என்ற பயத்தோடு அவள் புருஷன் ராசுவைப் பார்த்தேன். அவர் சொன்னார்: "மொளகுக்கொடி நட்டு மூணு வருசம் காத்திருக்கறமுங்க. புள்ளைக்கு ஆறு மாசம் இருக்க மாட்டமா?"

எழுபது வளைவு

இந்த மருந்து ரத்த அணுக்களைக் குறைத்துவிடும் என்பதால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேந்தமங்கலம், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு இன்னொரு பஸ். செல்விக்கோ பஸ் என்றாலே வாந்தி. ஒருமுறை நானும் அவளோடு போனேன். குழந்தையைக் கொடு என்று எத்தனை கேட்டும் தரவில்லை. அடிவாரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வாந்தி எனக்குத்தானுங்க. அவ நல்லாத் தூங்கறா."

மண் சரிந்த நாள்

ராசுவின் செல்போன் அவரோடு காட்டுக்குப் போய்விடும்; வீட்டில் வேறு கடிகாரம் கிடையாது. காலை ஆறு மணி பஸ் வளைவில் ஹாரன் அடித்தால் ஒரு வேளை மருந்து, மாலை ஆறு மணி பஸ்ஸுக்கு மறு வேளை. இதுதான் செல்வியின் கணக்கு என்பது எனக்குத் தெரியாது. மண் சரிந்து பஸ் நின்ற அன்று காலை பத்து மணிக்கு நடந்தே போனேன். மருந்தை சிரிஞ்சில் எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கத்தித் தீர்த்தேன். அப்புறம் என் வாட்சையே கழற்றிக் கொடுத்தேன். அவள் குழம்பிப்போய்க் கேட்டாள்: "பஸ்ஸே வரலீங்களே, அதுக்குள்ள எப்படிங்க ஆறு மணி ஆகும்?"

கடைசி வேளை

ஆறு மாதம் முடியும் நாள் வந்தது. மறுநாள் காது பரிசோதனை. அன்று மாலையில் கடைசி வேளை மருந்து கொடுப்பதைப் பார்க்கப் போனேன். வாட்ச் இருந்தும் செல்வி ஹாரனை விடவில்லை. நாங்கள் பேச்சு மும்முரத்தில் இருக்க, மடியில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று கையை நிறுத்திவிட்டு வாயை 'ஆ'வென்று திறந்தது. அப்புறம்தான் தூரத்து ஹாரன் எங்கள் காதிலேயே விழுந்தது. செல்வி அழுதுகொண்டே சிரித்தாள்: "பாருங்க நர்சம்மா, எஞ்சாமிக்கு மணி தெரியுதுங்க!"

மறுநாள் டாக்டரும் இடது காது நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நான்தான் அன்றிலிருந்து, எத்தனை லேட்டாக வந்தாலும், அந்த பஸ்ஸை ஒரு வார்த்தை திட்ட முடியாமல் தவிக்கிறேன்.