ஆடியில் காய்ச்சிய பால்

அந்த வருடம் ஆனி மாதத்தின் கடைசி நாள் செவ்வாய்க்கிழமையாக வந்தது. அன்று ஒரு பெண்ணும் அவளுடைய ஆறு வயது மகளும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வாடகை வீட்டில் பால் காய்ச்சிக் குடியேறியிருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை வேண்டாம் என்று சொன்னது நான்தான். அந்தப் பழியை வேறு யார் மீதாவது போட முடியுமா என்று பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். முடியவில்லை.

ராஜபாளையத்தில், மருத்துவமனைகளுக்குக் கட்டுத்துணி தயாரிக்கும் ஒரு சிறிய கம்பெனியில் வருகைப்பதிவு எழுதுவது என் வேலை. போக்கிடம் இல்லாமல் வந்து நிற்கும் பெண்களுக்கு வேலையும் வீடும் தேடித் தருவதை நானும் கம்பெனியில் இன்னும் இரண்டு பேரும் சில வருடங்களாகச் செய்துவந்தோம். வேலை கிடைத்துவிடும். எங்கள் ஊர் மில் வாசல்களில் 'ஆட்கள் தேவை' பலகை மழையிலும் வெயிலிலும் தொங்கிக்கொண்டேதான் இருக்கும். வீடுதான் கிடைக்காது. புருஷன் என்ன செய்கிறார்? இல்லையா? எப்போதிருந்து இல்லை? நீங்கள் என்ன ஆட்கள்? யார் யார் வந்து போவார்கள்? ஒவ்வொரு கேள்விக்கும் கதவு ஒரு விரற்கடை சாத்திக்கொண்டே வரும்.

இந்தப் பெண் கான்சாபுரம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். கணவன் இறந்த பிறகு அவனுடைய தம்பிமார் வீட்டைப் பூட்டிக்கொண்டார்கள். மகளையும் ஒரு கட்டைப்பையையும் தூக்கிக்கொண்டு வந்தவளுக்கு எங்கள் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் இடம் வாங்கினோம். மூன்று மாதம் நாள் தவறாமல் வந்தால் நிரந்தரம். புண்ணில் வைக்கும் துணி என்பதால் குளித்து, நகம் வெட்டி, சுத்தமாக வர வேண்டும். வீடு கிடைக்கும்வரை என்னோடு இருக்கட்டும் என்று கூட்டிப்போனேன்.

நானும் வாடகைக்கு இருப்பவள்தான். கணவர் லாரி ஓட்டுகிறார். பத்து நாளைக்கு ஒருமுறை வருவார். வீட்டில் நானும் கல்லூரியில் படிக்கும் மகளும் மட்டும். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்த எங்கள் வீட்டு ஓனர் ஒருநாள் தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து நின்றார். "இந்த மோட்டாரு மூணு பேருக்குத்தாம்மா ஓடும். அஞ்சு பேருக்கு ஓடுனா காயில் கருகிரும்." ஆனி முடியட்டும், போய்விடுவார்கள் என்றேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு கிடைத்தது. ஒரு அறை, ஒரு அடுப்படி. கம்பெனி வேன் தெருமுனையிலேயே நிற்கும். திங்கட்கிழமை மாலை வெள்ளையடித்து முடித்துவிட்டு, பக்கத்திலேயே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா போன் செய்தாள். "நாளைக்கு வந்து பாலைக் காச்சிருங்க."

"நாளைக்குச் செவ்வாக்கிழமைல்லக்கா. புதன்கிழமை வாரோம்" என்றேன்.

பட்டப்படிப்பு படித்தவள் நான். கிழமையைப் பார்த்தேன், மாதத்தைப் பார்க்கவில்லை. புதன்கிழமை காலையில் பால், புதுப் பாத்திரம், சாமி படம், குழந்தை என்று நாலையும் தூக்கிக்கொண்டு போய் இறங்கினோம். வீட்டுக்கார அம்மா வாசலை மறித்து நின்றாள். "இன்னைக்கு ஆடி ஒண்ணு. ஆடியில யாராவது குடி வருவாகளா? ஆவணி பொறக்கட்டும்." சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. பால் திரும்பி வருகிற பஸ்ஸிலேயே திரிந்துவிட்டது.

அடுத்ததையும் எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டு ஓனர் அவர்களுக்குக் கேட்டைத் திறக்கவில்லை. நான் சண்டை போடவில்லை. இந்த வீடும் போனால் மகளை வைத்துக்கொண்டு நான் எங்கே நிற்பேன் என்றுதான் அந்த நேரத்தில் ஓடியது. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு மாசந்தான மேடம், பஸ் ஸ்டாண்டுல நாலு பொம்பளையாளுக படுக்காக, நாங்களும் இருந்துக்கிடுவோம்" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

தினமும் காலை ஆறு மணிக்கு நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் குழந்தையைக் கூட்டிவந்து, குளிக்கவைத்துப் பள்ளியில் விடுவேன். அதைப் பார்த்தும் பாராததுபோல் இருந்தார் எங்கள் வீட்டு ஓனர். அவள் கட்டணக் கழிப்பறையில் குளித்துவிட்டு வேன் ஏறுவாள். ஏழெட்டு நாள் அப்படி ஓடியது. ஒருநாள் நான் போனபோது அவள் ஈரத்தலையோடு வரிசையாக நின்ற பஸ்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. சாரலில் பெஞ்சு நனைந்திருக்கிறது. நின்றிருந்த ஒரு பஸ்ஸில், காலியாகக் கிடந்த கடைசி சீட்டில் தூங்குகிற பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறாள். திரும்பி வந்தபோது பஸ் இல்லை.

எந்த ஊர் பஸ் என்று அவளுக்குத் தெரியவில்லை. தென்காசி என்றார் ஒருவர், மதுரை என்றார் இன்னொருவர். அந்த முக்கால் மணி நேரம் நான் என்ன செய்தேன் என்று சரியாக நினைவில்லை. பூக்கடைக்காரம்மா என்னைப் பிடித்து உட்காரவைத்தது மட்டும் தெரியும். பிறகு சேத்தூர் போய்த் திரும்பிய பஸ்ஸிலிருந்து கண்டக்டர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

"எம்மா, சேத்தூருக்கு ஒரு டிக்கெட் பாக்கி. நல்ல பிள்ளையப் பெத்தீக! எழுப்புனா, 'எறங்கணுமா, இதான் எங்க புது வீடா'ன்னு கேக்கு." சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தவர், பாதியிலேயே சிரிப்பை விட்டுவிட்டார்.

வேன் போய்விட்டிருந்தது. பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக 'வரவில்லை' என்று எழுதியது என் கை. சூப்பர்வைசர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னொரு நாள் இப்பிடின்னா பேரை அடிச்சிருங்க மேடம். வெளிய பத்துப் பேரு நிக்காக" என்றார். ஆடி முடிய இன்னும் மூன்று வாரம் கிடந்தது.

அன்று மாலையே அவளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். வீட்டுக்கார அம்மா சாரலுக்குப் பயந்து கொடியில் கிடந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சாவியக் குடுங்கக்கா. அந்தப் பிள்ளை இனிமே பஸ் ஸ்டாண்டுல கெடக்க முடியாது."

"நான் மாட்டேன்னா சொன்னேன்? ஆவணியில வாங்க. தாம்பாளத்துல வச்சுத் தாரேன்."

"ஆடியில இந்த ஊர்ல தேரே ஓடுது. துளசிச் செடிக்கடியில அநாதையாக் கெடந்த பிள்ளையை ஒருத்தர் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனது ஆடியிலதான. அவரு காலண்டரைப் பாத்தாரா?"

பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்த வாதம். இதற்குப் பதில் இருக்காது என்று நினைத்திருந்தேன். அவள் ஒரு சேலையை உதறி மடித்தாள்.

"ஏட்டி, அவ சாமி. சாமிக்குக் காலண்டர் கெடையாது. நமக்கு உண்டு."

பிறகு அவளே மெதுவாகச் சொன்னாள். "எம்மவன் பட்டாளத்துல இருக்கான். வடக்க, பனியில நிக்கான். வாரத்துக்கு ஒருக்க போன் பண்ணுவான். ஆடியில அடுப்புப் பத்தவச்சுக் குடி வந்தா ஒரு உசுருக்கு ஆகாதும்பாக. எந்த உசுருக்குன்னு யாரு சொல்லுவா?"

அந்தப் பயத்தைக் கேலி செய்கிற தகுதி எனக்கு இல்லை. மகளின் பஸ் கால் மணி நேரம் தாமதமானால் மனதுக்குள் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கிறவள் நான்.

"பத்தவைக்கிறவளுக்குன்னே வச்சுக்கிடுவோம். நான் பத்தவைக்கேன்" என்றேன்.

"ஒனக்குப் பிள்ளைக உண்டா?"

"ஒரு மக."

"அப்ப அவளைக் கூட்டிட்டு வா. அவ கையால பாலு பொங்கட்டும். பொறவு அந்தச் சாவி எனக்கு எதுக்கு?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வீட்டுக்கார அம்மாவை வெறுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "வேண்டாம் மேடம். நீங்க பெத்த பிள்ளை நல்லாருக்கட்டும். நாங்க எப்பிடியும் தள்ளிருவோம்" என்றாள். அதைக் கேட்டதும் ஒரு நொடி எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நொடியை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. குழந்தை அவள் மடியில் விழித்தபடி, பஸ் நிற்கும்போதெல்லாம் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மகளிடம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். சோறு பரிமாறும்போது வாயில் வந்துவிட்டது. அவள் சிரித்தாள்.

"எம்மா, நான் பொறந்ததே செவ்வாக்கிழமைதான? ஆஸ்பத்திரிக்காரவுககிட்ட, புதன்கிழமை வாரேன்னு சொல்லிட்டா வந்தீக?"

நான் அவள் தட்டில் குழம்பை ஊற்றினேன்.

"அப்ப வாற செவ்வாக்கிழமையே போவோம். ராகு காலத்துல. ஆடி, செவ்வா, ராகு, எல்லாத்தையும் ஒரேயடியாப் பாத்திருவோம். எது வருதுன்னு நானும் பாக்கேன்."

"அப்பிடிச் சொல்லாத" என்றேன்.

செவ்வாய்க்கிழமை குழந்தையின் அம்மாவுக்குக் காலை ஷிப்ட். முடித்து வந்தவளை ஏற்றிக்கொண்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. நல்ல ராகு காலம். தேர்வீதியில் பெண்கள் கூழ்ச்சட்டியோடு போய்க்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கார அம்மா கதவைத் திறந்துவிட்டு நிலைக்கு வெளியே நின்றுகொண்டாள். ஒரு கையில் சாவி, இன்னொரு கையில் போன்.

தீக்குச்சியை நான்தான் கிழித்தேன். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது உரசும்போதே ஒடிந்தது. "காத்துதாம்மா, ஆடிக்காத்து" என்று மகள் ஜன்னலைச் சாத்தினாள். மூன்றாவது குச்சியில் அடுப்பு பற்றியது. மகள் பாலை ஊற்றினாள். பால் பொங்குவதற்குள் எனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன், திட்டவும் செய்தேன். ஒரு பிள்ளை தலைக்கு மேல் கூரையோடு தூங்கினால் இன்னொரு பிள்ளைக்குக் கேடு வரும் என்றால், அது என்ன கணக்கு? அதை எழுதிவைத்தவன் யார்? அவன் என் எதிரில் வரட்டும். இப்படித்தான் நினைத்தேன். நினைத்துவிட்டு, பயந்து மகளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

பால் பொங்கி வழிந்தது. குழந்தை கைதட்டியது. "சீனி போட்டியா?" என்று வாசலிலிருந்து சத்தம் வந்தது. வீட்டுக்கார அம்மா ஒரு டம்ளரை வாங்கி, நின்றபடியே குடித்துவிட்டு, சாவியைக் குழந்தையின் கையில் கொடுத்தாள். குழந்தை பூட்டைத் திறந்து மூடி, திறந்து மூடி, இருட்டும்வரை அதையே செய்துகொண்டிருந்தது.

குழந்தையின் அம்மா வேலையில் நிரந்தரமாகிவிட்டாள். இப்போது பேக்கிங்கில் புதிதாக வருகிறவர்களுக்கு மடிப்புச் சொல்லிக்கொடுப்பது அவள்தான். பேசுகிற பேச்சில் சூப்பர்வைசரே ஒதுங்கிப் போகிறார்.

எனக்குப் பயம் போகவில்லை. மகளுக்குச் சளி பிடித்தாலும் அந்த அடுப்புதான் நினைவுக்கு வருகிறது. அந்த ஆடியிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்கார அம்மா போன் செய்வாள். "உம்மவ நல்லாருக்காளா?" "நல்லாருக்கா. உங்க மகன்?" "நேத்துத்தான் பேசினான்." அவ்வளவுதான் பேச்சு. வைத்துவிடுவோம்.

ஆனால் பயந்துகொண்டே ஒன்றைச் செய்யலாம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. செவ்வாய், சனி, அமாவாசை, அஷ்டமி என்று சொல்லிக் கதவை மறிக்கிற எந்த வீட்டு வாசலிலும் இப்போது நான் நகர்வதில்லை. போன மார்கழியில் செண்பகத்தோப்புப் பக்கமிருந்து வந்த ஒருத்தியை அப்படித்தான் குடி வைத்தேன். "ஒரு மாசம் பொறுக்கக் கூடாதா?" என்றார் அந்த வீட்டுக்காரர். "அந்த ஒரு மாசம் உங்க பிள்ளையைக் கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டுல படுக்க வைங்க, பொறவு பொறுக்கேன்" என்றேன். படித்தவள் பேசுகிற பேச்சா என்று கேட்டார். ஆமாம், படித்தவள் பேசுகிற பேச்சுதான்.

இந்த ஆடியில் இன்னொரு பெண் வந்திருக்கிறாள், கைக்குழந்தையோடு. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் பின்பக்க அறை காலியாக இருப்பது தெரிந்து நானே போன் செய்தேன்.

"ஆடியா? சரி. உம்மவளைக் கூட்டிட்டு வா" என்றாள் வீட்டுக்கார அம்மா.

"அவளுக்குப் பரீட்சை. இந்தத் தடவை நீங்களே ஊத்துங்கக்கா."

போன் கட்டாகிவிட்டது. நான் பையை எடுத்து வைத்தேன்: பாத்திரம், தீப்பெட்டி, சீனி. எப்படியும் கிளம்புவது என்று முடிவு செய்திருந்தேன். கால் மணி நேரம் கழித்துப் போன் அடித்தது.

"எத்தன மணிக்கு வாரீக?" என்றாள்.