டேப் அக்கா கற்ற இங்கிலீஷ்

மெத்தை ஆலையில் அவளுக்கு டேப் அக்கா என்றுதான் பேர். கழுத்தில் எப்போதும் மஞ்சள் அளவு டேப் தொங்கும். தைத்து வந்த மெத்தையின் நீளம், அகலம், கனம் பார்த்து, சரியாக இருந்தால் சீட்டு ஒட்டுவாள். அரை விரல் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். 'சுமாராக' என்ற சொல்லை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

அவள் தங்கைக்கு அதே மாடியில், பின்கோடியில், ஃபோம் பலகைகளுக்குப் பசை அடிக்கிற வேலை. பத்து மணிக்கெல்லாம் பசை நெடியில் தலை கிறுகிறுக்கும். அக்கா அந்தப் பக்கம் வந்தால் தங்கையின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

வெளிநாட்டில் மெத்தை வாங்குகிற கம்பெனியிலிருந்து ஆலையைப் பார்க்க ஆள் வருவதாகத் தகவல் வந்ததும், மேனேஜர் ஓர் இங்கிலீஷ் டீச்சரை ஏற்பாடு செய்தார். சாப்பாட்டு இடைவேளையில் அரை மணி நேரம், மூன்று வாரம். ஆளுக்கொரு தாள் கிடைத்தது. இருபது வாக்கியங்கள். தி பெஸ்ட், தி கிளீனஸ்ட், தி சேஃபஸ்ட் என்று எல்லாமே மேனேஜர் எழுதிக் கொடுத்தவை.

டீச்சர் சின்னப் பெண். "ஒண்ணைவிட ஒண்ணு பெரிசுன்னு சொல்றது வேற. இருக்கறதுலேயே பெரிசுன்னு சொல்லணும். அதுக்குத்தான் இந்த வார்த்தைங்க. சரி, நீங்கல்லாம் வீட்ல எப்படிப் பழகறீங்க?"

"டிவி நியூஸ் பாத்தாலே இங்கிலீஷ் வந்துடும்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு," என்றாள் பார்டர் தைக்கிறவள்.

"பாத்துப் பாத்து அவரு என்ன கத்துக்கிட்டாரு?"

"ரிமோட்டை என்கிட்ட குடுக்கக் கூடாதுன்னு கத்துக்கிட்டாரு."

மருந்து டப்பா மேல் இருப்பதை எழுத்துக் கூட்டிப் படிப்பதாகத் தங்கை சொன்னாள். டேப் அக்கா தாளை மடித்து வைத்துவிட்டாள்.

"எனக்கு மனப்பாடம் ஏறாது டீச்சர். கண்ணால பாத்த பொருள் மேல வார்த்தையை ஒட்டணும், சீட்டு ஒட்டற மாதிரி. அப்பதான் நிக்கும்."

அன்றிலிருந்து அவள் ஒட்ட ஆரம்பித்தாள். லாங்கஸ்ட், வெட்டுகிற மேசை. "ஹெவியஸ்ட், மேனேஜர்," என்று பார்டர்காரி எடுத்துக்கொடுக்க, டீச்சரே சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். ஹாட்டஸ்ட், ஃபோமை அறுக்கிற சூட்டுக் கம்பி. ஓல்டஸ்ட் என்றதும் அக்கா அந்தக் கம்பிக்கு மேலே போகிற கறுத்த மின் ஒயரைக் காட்டினாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

நியரஸ்ட் என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்து அவளால் சொல்ல முடியவில்லை. தங்கையின் மேசையிலிருந்து நடந்து பார்த்தாள். முன்பக்கப் படிக்கட்டுக்கு எண்பத்தாறு காலடி. பின்கதவுக்குப் பதினோரு காலடி. பின்கதவை மறைத்து ஆள் உயரத்துக்கு ஃபோம் அடுக்கியிருந்தது. இடுக்கில் கையை விட்டுத் துழாவினாள். பூட்டு தட்டுப்பட்டது.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாள்: "உன் மேசைகிட்ட பசை டின் எத்தனை இருக்கு?"

"ஆறு ஏழு இருக்கும்."

"ஆறா, ஏழா?"

"எண்ணலக்கா."

"நாளைக்கு எண்ணு."

ஒன்பது இருந்தது, ஒவ்வொன்றிலும் தீப் படம் போட்ட சீட்டு. அக்கா நேரே மேனேஜரிடம் போனாள்.

"பூட்டை எடுத்தா சரக்குக்குக் கால் முளைச்சிடும்மா. வர்றவங்க வந்துட்டுப் போகட்டும், பாத்துக்கலாம்," என்றார் அவர். "அவங்க முன்னாடி நீதான் பேசணும். உனக்குத்தான் நல்லா வருது. தாள்ல இருக்கறதை மட்டும் சொல்லு."

வந்தவர் நரைத்த தலையுள்ள ஓர் அம்மாள். மற்றவர்களிடம் அவர் கேட்டதையெல்லாம் மேனேஜர்தான் தமிழில் சொன்னார். அவர்கள் பதிலையும் அவரே இங்கிலீஷாக்கினார். "தலை வலிக்குதுங்க" என்று ஒருத்தி சொன்னது நீளமான, சந்தோஷமான வாக்கியமாகப் போய்ச் சேர்ந்ததைத் தங்கை பார்த்தாள்.

பசை மேசை அருகே அக்கா தன் வாக்கியங்களைப் பிசகாமல் சொன்னாள். கேட்டுவிட்டு அந்த அம்மாள் சுற்றும்முற்றும் பார்த்தார்.

"விச் இஸ் தி நியரஸ்ட் டோர் ஃப்ரம் ஹியர்?"

மேனேஜர் குறுக்கே வந்தார். "தினமும் எந்த வழியா வர்றீங்கன்னு கேக்கறாங்க. முன்வாசல்னு சொல்லு."

அக்காவின் கை டேப்பை இறுக்கிப் பிடித்தது. அவள் மேனேஜரைப் பார்க்கவில்லை, தங்கையைப் பார்த்தாள்.

"தட் டோர். லெவன் ஸ்டெப்ஸ். லாக்."

சொன்னதோடு நிற்காமல், போய் ஃபோமை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டாள். சாவி வர இருபது நிமிடமாயிற்று. கதவுக்கு வெளியே படிக்கட்டு முழுக்கத் துணி மூட்டைகள். அந்த அம்மாள் படம் எடுத்தார், எழுதிக்கொண்டார், அக்காவின் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

மறுநாள் பூட்டு இல்லை. படிக்கட்டு காலி. கதவுக்கு மேல் 'எக்ஸிட்' என்று புதுப் பலகை. "நாலு வார்த்தை பேசிக் கதவையே தொறந்துட்டியேடி!" என்று பார்டர்காரி கட்டிக்கொண்டாள். அந்தச் சந்தோஷம் பன்னிரண்டு நாள். ஆர்டர் உறுதியானதும் லாரியில் ஃபோம் வந்தது. கீழே இடமில்லை. பின்கதவு பழையபடி மறைந்தது. பூட்டும் வந்துவிட்டது. இங்கிலீஷ் வகுப்பு நின்றுபோனது. அளவு பார்க்க வேறு ஆளைப் போட்டார்கள்.

"நீ இனிமே பசை மேசைக்குப் போ," என்றார் மேனேஜர், கோபமே இல்லாமல். "தங்கச்சி பக்கத்துலேயே இருக்கலாமில்ல?"

அன்று வீட்டுக்கு நடக்கும்போது பாதி வழியில் அக்கா சொன்னாள்:

"நாளையிலேருந்து நீ வராதே. உடம்பு சரியில்லன்னு சொல்லிக்கறேன்."

"நீ?"

"ரெண்டு பேரும் நின்னுட்டா சோத்துக்கு என்ன பண்றது? வேற இடத்துல கேட்டிருக்கேன். ஒரு வாரம்."

"ஒரு வாரம்னா?"

"ஏழு நாள்."

அக்கா சொன்னால் அது ஏழுதான். தங்கை எண்ணத் தொடங்கினாள். ஐந்தாம் நாள் காலை, பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். காற்றில் ஏதோ கருகுகிற நெடி. தெருவில் யார் யாரோ வேகமாக நடக்கிற சத்தம் கேட்டது. மொட்டை மாடியிலிருந்து பக்கத்து வீட்டம்மா குனிந்து கூப்பிட்டார்.

"உங்க அக்கா வேலை செய்யற ஆலை எந்தப் பக்கம்மா?"

தங்கை ஈரக் கையோடு எழுந்து நின்றாள். கையை நீட்டும் முன்பே, மாடியில் காயப்போட்டிருந்த துணிகளுக்கு நடுவே அவர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார் என்று தெரிந்துவிட்டது.